ஹாஜியாரின் இறங்குதுறையும் எங்கள் குசினிகளும்

களப்பு எங்கே முடிகிறது?

இது ஒரு படிவத்தின் ஏழாவது கேள்வி. "நீர் விளிம்பிலிருந்து இடத்தின் தூரம்" என்று அதில் அச்சடித்திருக்கிறார்கள். எதிரே ஒரு சிறிய கோடு, மூன்று இலக்கம் எழுதத்தான் இடம் போதும். ஏழு வருடமாக அந்தக் கோட்டில் நான் ஒன்றும் எழுதவில்லை.

எங்கள் அரசாங்கக் கந்தோருக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இரண்டு பேருக்கும், உங்களுக்குப் பிறகு வரப்போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நலன்புரிச் சங்க மலரில் பணி அனுபவம் எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள். நான் ஓய்வு பெறவில்லை. அடுத்த மாதம் இறக்காமத்துக்கு மாற்றமாகிப் போகிறேன், அவ்வளவுதான். ஆனால் என் கதிரையில் உங்களில் ஒருவர் உட்காரப் போகிறீர்கள். என் மேசையின் இடதுபக்க லாச்சியில் பச்சை நாடா கட்டிய ஒரு கோப்பு இருக்கிறது. அதைத் திறக்கும் முன்பு இதை வாசித்துவிடுங்கள்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. மகளுக்கு எட்டு மாதம். வீடு கந்தோருக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை தள்ளித்தான் என்பதால் பன்னிரண்டு மணிக்கு ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு ஒரு மணிக்குள் ஓடி வருவேன். தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது எங்காவது பிள்ளை அழுதால் என் பிள்ளையோ என்று கை நின்றுவிடும். வீட்டில் பிள்ளையை மடியில் வைத்திருக்கும்போது, காலையில் அனுப்பிய கடிதத்தில் திகதி போட்டேனா என்று மனம் நின்றுவிடும். இரண்டு இடத்திலும் பாதிப்பாதியாகத்தான் இருந்தேன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. சாக்குத்தானோ என்றும் தோன்றுகிறது.

எங்கள் பிரதம லிகிதர் படிவங்களைப் பற்றி ஒன்றே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். "புள்ள, எதையாவது எழுது. வெற்றிடம் மட்டும் விடாத. வெற்றிடம் விட்டா அதுக்குள்ள யாராவது குடி வந்திருவான்." என்ன பிரச்சினை வந்தாலும் அவர் செய்யும் முதல் வேலை புதுக் கோப்பு ஒன்று திறப்பது. பெரும்பாலும் அதுதான் கடைசி வேலையும்.

அந்த வருடம் எங்கள் ஊரின் உப்புநீர் ஏரியான களப்பின் கரையில் அரிசி மில் வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர் இறங்குதுறை கட்ட அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். அக்கரை வயல்வட்டையிலிருந்து நெல்லைத் தோணியில் கொண்டுவந்து மில்லின் பின்வாசலிலேயே இறக்குவது அவருடைய திட்டம். தடித்த, சிரித்த முகமுள்ள மனிதர். என்னை "மகள்" என்றுதான் அழைப்பார். விண்ணப்பத்தோடு ஒரு படமும் கீறிக் கொண்டுவந்தார். படத்தில் மில்லைவிடத் தோணி பெரிதாக இருந்தது.

வாரம் ஒன்று கழிந்திருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆண்கள் வீடு திரும்பும் நேரம், களப்படி ஒழுங்கைப் பெண்கள் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் வந்தவர் ஹவ்வா மாமி. களப்பில் பன்புல் அறுத்துப் பாய் இழைத்து நான்கு பெண்பிள்ளைகளை வளர்த்தவர்.

"கிளாக்கர் புள்ள, ஒரு பெட்டிசம் எழுதித் தாகா."

"என்னத்துக்கு மாமி?"

"ஹாஜியார்ட மில்லுக்குப் பின்னால ஜெட்டி வரப்போகுதாம். நாம பன் அறுக்கிற எடமெலுவா அது? இடுப்பளவு தண்ணிக்க, நனைஞ்ச சீலையோட நிக்கிறம். நாள் முழுக்க ஆம்புளயள் தோணியில வந்துபோனா நாங்க எங்க போய் ஒளியிற?"

"தோணிக்காரன் கண்ண மூடிக்கிட்டா வருவான்?" என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

"உன்னக் கண்டா அவன் தானா மூடிக்குவான், நீ பயப்படாத," என்றார் ஹவ்வா மாமி. எல்லோரும் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்கள். தொட்டிலில் கிடந்த என் மகளும் விளங்கியது போலச் சிரித்தாள்.

அவர்களுடைய முறைப்பாடு அவ்வளவுதான். நனைந்த சீலை, தோணி, ஆண்கள். ஒரு குழந்தைக்கும் விளங்கும்.

நான் பேனையைத் திறந்தேன். நனைந்த சீலையை அரசாங்கக் கடிதத்தில் எப்படி எழுதுவது? எங்கள் கந்தோரில் பதினொரு ஆண்கள். கோப்பு மேசை மேசையாகப் போகும். ஒவ்வொருவரும் வாசித்து மற்றவருக்குக் கண் காட்டுவார்கள். அந்தப் பெண்களின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். என் மானத்தையும் சேர்த்துத்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்பு நானே தட்டச்சு செய்த ஒரு சுற்றறிக்கை அப்போது நினைவுக்கு வந்தது. சதுப்பு நிலப் பாதுகாப்பு விதிகள். களப்பின் நீர் விளிம்பிலிருந்து இரண்டு சங்கிலி, அதாவது நூற்று முப்பத்திரண்டு அடி தூரம் கரையொதுக்கம். அதற்குள் கட்டடம் கூடாது, மண் நிரப்பக் கூடாது, கண்டல் மரம் வெட்டக் கூடாது. பிறகென்ன, சட்டமே நம் பக்கம். இறால் குஞ்சு, பன் வளரும் சேறு, நீர்ப்பறவை எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதினேன். கடைசியில் இப்படி முடித்தேன்: "மேற்படி விதிகளை எவ்வித விட்டுக்கொடுப்புமின்றி, எவர் முகமும் பாராது, ஓரங்குலமும் தவறாது அமுல்படுத்துமாறு வினயமாகக் கேட்டுக்கொள்கிறோம்."

எழுதிவிட்டு இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன். "ஓரங்குலமும் தவறாது" என்ற இடத்தில் எனக்கே மெய் சிலிர்த்தது.

சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஹவ்வா மாமி கவனமாகக் கேட்டார்.

"இதுக்குள்ள நாங்க எங்க புள்ள இரிக்கம்?"

"கீழ மாமி. கைநாட்டு வெக்கிற எடத்துல."

"ம். நல்லாத்தான் இரிக்கி. ஒண்டும் விளங்கல்ல. அப்ப கவர்மெண்டுக்கு விளங்கும்."

திங்கட்கிழமை அந்த மனு கந்தோருக்கு வந்தது. நானே திகதி முத்திரை குத்தினேன். தங்கள் மனு கிடைத்தது, கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது என்று எனக்கு நானே எழுதியது போன்ற ஒரு பதிலை ஹவ்வா மாமிக்கு அனுப்பினேன். அதை அவர் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்.

மாவட்டத்திலிருந்து பதில் வந்தது. அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்ப்பார், களப்பில் நீர் உயர்ந்திருக்கும் காலத்தில் ஒரு திகதியைக் குறித்து அறிவிக்கவும் என்று. மாரி பிடித்துவிட்டிருந்தது. களப்பு நிரம்பி மில்லின் பின்சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு வியாழக்கிழமையைக் குறித்துக் கடிதம் அடித்தேன்.

இந்தக் கரையில் பிறக்காதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் களப்பு கடலோடு சேரும் இடத்தைக் கோடையில் மணல் மூடிவிடும். மாரியில் வெள்ளம் கட்டி நின்று நெல்வயல்களை மூழ்கடிக்கும்போது, அந்த மணலை ஆட்கள் கூடி வெட்டித் திறப்பார்கள். அதைத்தான் முகத்துவாரம் வெட்டுவது என்போம். சீக்கிரம் வெட்டு என்பார்கள் வயல்காரர்கள். இறால் பருக்கட்டும், பொறு என்பார்கள் மீன்காரர்கள். இரண்டு பக்கமும் கந்தோரில் வந்து சத்தம் போட்டு, கடைசியில் எங்கள் கடிதத்தோடுதான் வெட்டுவார்கள். வெட்டினால் தண்ணீர் ஒரு பகல், ஓர் இரவில் கடலுக்கு ஓடிவிடும்.

அந்த வருடம் வெட்ட அனுமதித்த கடிதத்தையும் நான்தான் அடித்தேன். புதன்கிழமை காலை என்று. வியாழக்கிழமை நீர் மட்டத்தைப் பார்க்க வரும்படி அடித்த அதே பிற்பகலில், அதே நாடாவில், அரைமணி வித்தியாசத்தில். அது நீர்ப்பாசனக் கோப்பு, இது காணிக் கோப்பு. மகளுக்கு அன்று காய்ச்சல். இரண்டு கடிதத்தின் கீழும் இடது மூலையில் என் பெயரின் முதல் எழுத்துகள் இருந்தன.

வியாழக்கிழமை அதிகாரி ஜீப்பில் வந்திறங்கினார். யாழ்ப்பாணத்தவர், மெலிந்தவர், முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து. கூடவே நில அளவைச் சங்கிலியோடு இரண்டு பேர். ஹாஜியார் அவருக்காக ஒரு தோணியில் பாய் விரித்து, நான்கு போத்தல் சோடாவும் வைத்திருந்தார். தோணி சேற்றில் சாய்ந்து கிடந்தது. அதைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறு. தோணியின் விளிம்பில் ஒரு கொக்கு.

"எங்கை தண்ணி?" என்றார் அதிகாரி.

"நேத்து இருந்திச்சி சேர்," என்றார் எங்கள் பிரதம லிகிதர்.

"நேற்று இருந்த தண்ணியைப் பார்க்கவோ நான் இண்டைக்கு வந்தனான்?"

"ஐயா ஒரு சோடா குடிங்க," என்றார் ஹாஜியார்.

பிரதம லிகிதர் என்னைப் பார்த்தார். நான் கொக்கைப் பார்த்தேன். அதிகாரி சோடாவைக் குடித்து முடித்தார். நேர்மையான மனிதர், வந்த வேலையை முடிக்காமல் போகமாட்டார். தண்ணீர் இல்லாவிட்டால் தண்ணீர் வந்த அடையாளத்தைப் பார்ப்போம் என்று முடிவு செய்தார். ஒழுங்கையில் கூடியிருந்த சனங்களிடம் கேட்டார்: "மாரியிலை தண்ணி ஆகக்கூட எதுவரைக்கும் வரும்?"

சனங்கள் நினைத்தது இதுதான். களப்பு பெரிதென்று காட்டினால் மில்லின் பின்பக்கம் முழுவதும் களப்புக்குள் போய்விடும், ஜெட்டி நின்றுவிடும். ஆகவே காட்டினார்கள்.

"இஞ்ச வரைக்கும் சேர்!" ஒருவர் தன் வேலியைக் காட்டினார். சங்கிலிக்காரர் அங்கே ஒரு முளைக்கட்டையை அடித்தார்.

"வேலியா? எங்கட கோழிக்கூடே மிதந்திச்சி!" பக்கத்து வளவுக்காரர். இன்னொரு முளை.

"கோழிக்கூடு என்ன கோழிக்கூடு," என்றார் ஹவ்வா மாமி. "இஞ்ச வாங்க சேர். எண்ட குசினிக்க வாங்க. அடுப்பு அணைஞ்சி மூணு நாள் நாங்க பச்சத்தண்ணி குடிச்ச. இந்தா சுவத்துல கறை, பாருங்க."

"இது புகைக் கறை போலக் கிடக்குது அம்மா."

"மேல புகை சேர். அதுக்குக் கீழ தண்ணி."

குசினிக்குள் ஒரு முளை. அதற்கு மேல் யாராலும் அடங்க முடியவில்லை. ஒருவர் தபால்காரர் சைக்கிளைத் தலையில் சுமந்துகொண்டு நடந்த இடத்தைக் காட்டினார். இன்னொருவர் தன் வாப்பா விறாந்தையில் இருந்துகொண்டு தூண்டில் போட்டதாகச் சொன்னார். அந்த வாப்பா விறாந்தையில்தான் இருந்தார், தலையாட்டினார். முளைகள் ஒவ்வொன்றாகக் கரையிலிருந்து ஊருக்குள் ஏறின. ஹாஜியார் பின்னால் நடந்துவந்தார், அவருடைய முகத்தில் முதலில் கவலை இருந்தது. ஐந்தாவது முளைக்குப் பிறகு அவர் நின்று திரும்பிப் பார்த்தார். தன் மில்லுக்கும் கடைசி முளைக்கும் நடுவில் எத்தனை வீடு இருக்கிறது என்று விரலால் எண்ணினார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு பின்னால் நடந்தார்.

நான் அப்போதே தடுத்திருக்கலாம். எனக்கு இரண்டு சங்கிலி விதி தெரியும். கூடியிருந்த சனங்களில் வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் பார்வையிடும்போது சாட்சிகளிடம் கண்ணைக் காட்டலாமா? தடுத்திருந்தால் அது சரியா? இன்றைக்கும் தெரியவில்லை. நான் யோசித்து முடிப்பதற்குள் கூட்டம் எங்கள் வேலிக்கு வந்துவிட்டது.

வேலிக்கு அந்தப்பக்கம் என் உம்மா, இடுப்பில் என் மகள்.

"தண்ணி ஹவ்வாட குசினியோட நிண்டிச்சாமா?" என்றார் உம்மா. இரண்டு பேருக்கும் சின்ன வயதிலிருந்தே யார் வீட்டு நெல் முதலில் காய்ந்தது என்பதில்கூடப் போட்டி. "சூறாவளி வந்த வருசம் எங்கட கிணத்தடியில நாங்க கூடையால மீன் அள்ளின. விரால். முழங்கை நீளம்."

"உம்மா!" என்றேன்.

"என்ன உம்மா? நீயும்தான் திண்ட."

அதிகாரி என்னைப் பார்த்தார். "உண்மையோ?"

நான் சத்தியம் தவறாதவள் என்று பள்ளிக்கூடத்தில் எனக்குப் பரிசு தந்திருக்கிறார்கள். "ஓம் சேர்," என்றேன். எங்கள் கிணற்றடியில் கடைசி முளையை அடித்தார்கள்.

அங்கிருந்து இரண்டு சங்கிலி அளந்தார்கள். சங்கிலி எங்கள் அறை யன்னலுக்குக் கீழாகப் போய், ஒழுங்கையைத் தாண்டி, கந்தோர் வளவுக்குள் நுழைந்து சைக்கிள் கொட்டகையில் முடிந்தது. "சேர், சைக்கிள எடுக்கட்டா, சங்கிலிய விடட்டா?" என்று கேட்டார் சங்கிலிக்காரர். அதிகாரி குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். எங்கள் பியோன் பிரதம லிகிதரின் காதோரம் போய், "அப்ப நம்மட கந்தோருக்கு நம்மட கந்தோர்லதான் பெர்மிட் எடுக்க வேணுமா சேர்?" என்றான்.

"புதுக் கோப்பு ஒண்டு தெற," என்றார் பிரதம லிகிதர்.

ஹவ்வா மாமி மட்டும் தன் வளவில் நின்றுவிட்டார். அங்கே சுவர் பாதி எழும்பிய ஒரு சிறிய வீடு நின்றது, அதற்குள்ளும் ஒரு முளை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. பெண்ணைக் கொடுக்கிறவர்கள் வீட்டையும் கட்டிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார். மூத்தவளுக்குத் தன் வீட்டைக் கொடுத்துவிட்டு, இரண்டாமவளுக்குப் பின்வளவில் கட்டினார் ஹவ்வா மாமி. மூன்றாமவளுக்கு வளவு முடிந்துவிட்டது. சேற்றில் பத்துப் பதினைந்து வண்டில் மண் போட்டு மேடாக்கி அதில் கட்டிக்கொண்டிருந்தார். மாரி முடியக் கலியாணம்.

"சேர், எண்ட மகள்ட வீட்டுக்க இந்த முளை என்னத்துக்கு?"

அதிகாரி கோப்பைத் திறந்து மனுவின் கடைசி வரியை வாசித்தார். நிறுத்தி, நிதானமாக. "எவர் முகமும் பாராது, ஓரங்குலமும் தவறாது." பிறகு அன்பாகவே கேட்டார்: "இது நீங்கள் கேட்டதுதானே அம்மா? இந்த வீடு கரையொதுக்கத்துக்குள்ளை நிக்குது."

ஹவ்வா மாமி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

திங்கட்கிழமை கந்தோர் திறக்கும் முன்பே ஒழுங்கை முழுவதும் வாசலில் நின்றது. புது மனு ஒன்று எழுத வேண்டுமாம். இந்த முறை அவர்களே சொல்லச் சொல்ல எழுத வேண்டுமாம். "தண்ணி வரவேயில்ல எண்டு எழுது. கோழிக்கு வெக்கிற தண்ணியத் தவிர வேற தண்ணிய எங்கட வளவுல நாங்க கண்டதேயில்ல."

"விரால் மீன்?"

"அது ஒங்கட உம்மா சந்தையில வாங்கின."

அந்த நேரம் ஹாஜியாரும் வந்தார். அவருடைய மில்லும் முளைக்குள்தான் நின்றது. விண்ணப்பத்தைத் திருப்பி எடுக்க வந்திருந்தார். கதிரையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "மகள், ஒண்டு மட்டும் சொல்லுங்க. இந்தப் பெண்டுகளுக்கு எண்ட ஜெட்டியில என்ன கோவம்? பறவையளுக்காகவா இவ்வளவும்?"

நான் வாய் திறப்பதற்குள் ஹவ்வா மாமி சொல்லிவிட்டார். இடுப்பளவு தண்ணீர், நனைந்த சீலை, தோணிக்காரர். எங்கள் கந்தோரின் பதினொரு ஆண்களும் இருந்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, கண் காட்டவில்லை. எல்லோரும் தங்கள் மேசையைப் பார்த்தார்கள்.

ஹாஜியார் தொப்பியைப் போட்டார். திரும்பக் கழற்றினார். "யா அல்லாஹ். எண்ட உம்மாவும் அந்தத் தண்ணிக்க நிண்டு பன் அறுத்தவதான். இதச் சொல்லியிருந்தா நான் மில்லுக்கு வடக்கால கட்டியிருப்பனே. அங்க ஒருத்தரும் எறங்கிறல்ல. வாய் இரிக்கிதானே ஒங்களுக்கு?"

"பெட்டிசத்தில எழுதித்தானே தந்த?" என்றார் ஹவ்வா மாமி. பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார். "புள்ள, நாங்க சொன்னத நீ எழுதல்லயா?"

புதிதாக வந்திருக்கிறவர்களுக்கு நான் சொல்ல நினைத்தது இந்த இடம்தான். சனங்கள் தங்கள் வாயால் சொன்ன காரணத்தை நான் நம்பவில்லை. அது கந்தோருக்குப் போதாது என்று நானாகவே முடிவுகட்டி, கந்தோருக்குப் பிடித்த காரணம் ஒன்றை அவர்களுடைய கைநாட்டுக்கு மேலே எழுதி வைத்தேன். சீலை என்று எழுதியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

"அப்ப நான் வாபஸ் வாங்கிறன். முடிஞ்சிச்சி," என்றார் ஹாஜியார்.

"முடியா ஹாஜியார்," என்றார் பிரதம லிகிதர். "பார்வையிட்டாச்சி. இனி அறிக்கை வரவேணும். அறிக்கை வந்து விளிம்பத் தீர்மானிச்சாத்தான் கோப்ப மூட ஏலும்."

அறிக்கை வந்தது. பன்னிரண்டு பக்கம், வரைபடத்தோடு. ஒவ்வொரு முளையும் அதில் இருந்தது. ஏழாவது கேள்வியை மட்டும் அதிகாரி நிரப்பவில்லை. சாட்சியங்கள் ஒன்றோடொன்று முரண்படுவதால் நீர் விளிம்பை உள்ளூர் அறிவைக் கொண்டு அலுவலகமே தீர்மானிக்கவும் என்று எழுதியிருந்தார். அதே மாதம் பிரதம லிகிதர் மாற்றலாகிப் போனார். போகும்போது கோப்பை என் மேசையில் வைத்து, "உள்ளூர் அறிவு நீதானே புள்ள," என்றார்.

இரண்டு நாளில் ஹவ்வா மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். சத்தமில்லாமல் வந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்குச் செய்தி போய்விட்டதாம். அரசாங்கம் முளை அடித்த வீட்டுக்கு மகனை அனுப்ப மாட்டோம் என்கிறார்களாம். அந்த வீட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று கந்தோரால் ஒரு கடிதம் வேண்டுமாம்.

"அப்பிடி எழுத ஏலா மாமி. அது பொய்."

"பெட்டிசம் எழுதேக்க மட்டும் ஏலுமா இருந்திச்சே."

அன்று முழுவதும் யோசித்தேன். மகளைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே மனதுக்குள் எழுதி எழுதி அழித்தேன். மறுநாள் இப்படி அடித்தேன்: "மேற்படி வளவு சம்பந்தமாக இவ்வலுவலகத்தால் இதுவரை எவ்விதத் தீர்மானமும் எடுக்கப்படவில்லை என்பதை இத்தால் அறியத்தருகிறேன்." ஒவ்வொரு சொல்லும் உண்மை. புதிதாக வந்த பிரதம லிகிதர் வாசித்துப் பார்த்து, தவறில்லை என்று ஒப்பமிட்டார். நான் வட்ட முத்திரை குத்தினேன். மாப்பிள்ளை வீட்டார் கடிதத்தை வாசிக்கவில்லையாம். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கலியாணத்துக்கு நாள் குறித்தார்களாம். ஹவ்வா மாமி ஒரு தட்டம் நிறையத் தொதல் இனிப்பு அனுப்பினார். நான் தொடவில்லை. உம்மாதான் சாப்பிட்டார்.

அன்று தொடங்கியதுதான். அந்தக் கடிதம் உண்மையாக இருக்க வேண்டுமென்றால், தீர்மானம் எடுக்கப்படாமலே இருக்க வேண்டும். ஆகவே ஏழு வருடமாகத் தீர்மானம் எடுக்கப்படாமல் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு மாரியிலும் "நீர் வடிந்தபின் மீண்டும் பார்வையிட" என்று குறிப்பெழுதுவேன். ஒவ்வொரு கோடையிலும் "நீர் உயர்ந்தபின் மீண்டும் பார்வையிட". நடுவில் ஊரடங்குச் சட்டம், பஸ் இல்லை, அதிகாரி இல்லை என்ற வருடங்களும் இருந்தன. அப்போதெல்லாம் எனக்கு மூச்சு இலகுவாக வந்தது. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இதோடு முடிந்தால் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால் அந்த மனுவில் நான் கந்தோருக்காக எழுதிய வரிகள் இருக்கின்றனவே, இறால் குஞ்சு, பன் வளரும் சேறு, பறவை, அவை ஒன்றும் பொய்யல்ல என்பது இப்போதுதான் உறைக்கிறது. ஹாஜியார் ஜெட்டி கட்டவேயில்லை, நெல் உழவு இயந்திரத்தில் வருகிறது. ஆனாலும் மில்லுக்குப் பின்னால் பன் இல்லை. இரண்டு கிழமைக்கு முன்பு ஹவ்வா மாமியை அங்கே கண்டேன். கையில் அரிவாள், இடுப்பில் வெறும் கயிறு.

"பன் எங்க போன புள்ள?" என்று என்னிடம் கேட்டார். கேட்கும்போது அவர் நின்றது நான்காவது மகளின் வீட்டுக்குப் போட்ட அத்திவாரத்தின் மேல். போன வருடம் அந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வேறு எங்கே கட்டுவார்? இரண்டு பேரும் களப்பைப் பார்த்தோம். அது தூரத்தில் இருந்தது.

படிவத்தில் உயர்ந்த நீர் மட்டத்தை எழுதினால் களப்பு தப்பும். அதோடு நாற்பது வீட்டுக்குக் கடிதம் போகும், கந்தோரின் சைக்கிள் கொட்டகைக்கும் போகும். தாழ்ந்த மட்டத்தை எழுதினால் வீடுகள் தப்பும். அடுத்த பெண்பிள்ளைகளுக்கும், அவர்களுக்கு அடுத்தவர்களுக்கும் களப்பு முடியும்வரை வீடு கட்டலாம். வெற்றிடமாக விட்டால் இரண்டும் மெதுவாக நடக்கிறது, யாரும் ஒப்பமிடத் தேவையில்லை. நான் விட்ட வெற்றிடத்துக்குள் உண்மையிலேயே ஆட்கள் குடி வந்துவிட்டார்கள்.

எங்கள் கிணற்றடி முளை இன்னும் நிற்கிறது. நல்ல பாலை மரம், உக்கவில்லை. என் மகள் முதன்முதலாக எழுந்து நின்றது அதைப் பிடித்துக்கொண்டுதான். இப்போது அவளுக்கு ஏழரை வயது. முளைக்குப் பின்னால் எங்கள் வளவின் பின்பாதி மாரிக்கு மாரி சேறாகக் கிடக்கிறது, அதில் கொஞ்சம் பன் தானாக முளைக்கிறது. உம்மா போன வெள்ளிக்கிழமை சொன்னார்: "புள்ள, பொம்புளப் புள்ள வளருது. இப்பயே வருசத்துக்கு மூணு வண்டில் மண் போட்டாத்தான் காலத்துக்குக் கட்ட ஏலும். அந்த முளையப் புடுங்கட்டா?"

பிறகு சொல்கிறேன் உம்மா என்றேன். கந்தோரில் சொல்வது போல.

ஒன்றாம் திகதி கோப்பைக் கையளிக்க வேண்டும். நிரப்பிக் கையளிப்பதா, வெற்றிடமாகக் கையளிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. வெற்றிடமாகத் தந்தால் என் பயத்தை உங்கள் தலையில் கட்டுகிறேன். நிரப்பித் தந்தால் ஹவ்வா மாமிக்கு நான் தந்த கடிதத்தை நானே பொய்யாக்குகிறேன். பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள், காணிக் கோப்பு பார்த்தவர்கள், களப்பில் இறங்கியவர்கள், யாராக இருந்தாலும் சரி, எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் சொல்ல நினைத்ததை அப்படியே எழுதுங்கள், கந்தோருக்கு ஏற்றபடி மாற்றத் தேவையில்லை. ஏழாவது கேள்விக்கு என்ன எழுதட்டும்? அந்த முளையைப் பிடுங்கச் சொல்லட்டுமா, நிற்கட்டும் என்று சொல்லட்டுமா? உம்மா மண் வண்டில்காரரை வருகிற வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.